மூக்கில் ஊற்றிய தண்ணீர்

1

ஏழாவது படிக்கும்போது ஒரு உயிரின் மூக்கில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நல்ல எண்ணத்தோடுதான் ஊற்றினேன். அது மூக்கு என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் செம்மங்குப்பம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. பேரில் குப்பம் இருந்தாலும் கடற்கரை ஊர் இல்லை. கடலைப் பார்க்க உப்பனாற்றைத் தாண்டிப் போகணும். அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருவன் வந்துகொண்டிருந்தான். சுனாமி முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது கரைவலையில் ஏதோ பெரிதாக மாட்டிக்கொண்டது என்று எல்லோரும் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம்.

மணலில் கிடந்தது என்னைவிடக் கொஞ்சம் நீளம். சாம்பல் நிறம். உருண்டை நெற்றி. முதுகில் துடுப்பே இல்லை. பசங்க "கடப்பன்னிடா, கடப்பன்னி" என்று கத்தினார்கள். தண்ணியில்லாமல் சாகப்போகுது என்று எனக்குப் பதறியது. யாரோ வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தை வாங்கி அலையில் முக்கி எடுத்துவந்து அதன் தலையில் கவிழ்த்தேன். உச்சந்தலையில் இருந்த ஒரு பிளவு சட்டென்று திறந்தது. சூடான காற்றும் தண்ணீரும் என் முகத்தில் தெறித்தன. அது இருமியது. ஆமாம், இருமியது. மனுஷன் புரையேறி இருமுகிற மாதிரியே.

நண்பனின் தாத்தா என் கையைத் தட்டிவிட்டார்.

"டேய், மூக்குல ஊத்தாதடா! மூச்சு முட்டிப் பூடும்."

"மீனுக்கு ஏது தாத்தா மூச்சு?"

"மீனா இது? ஓங்கலுடா. நம்மள மாரி மேல வந்து மூச்சு வாங்குற சாதி."

ஈரச் சாக்கை அதன் மேல் போட்டு, மூக்கை மட்டும் விட்டுவிட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் அலைக்கு அப்பால் விட்டார்கள். சாயங்காலம் அது கொஞ்சம் தெற்கே தள்ளி மறுபடியும் கரையில் கிடந்தது. அப்போது உச்சந்தலைப் பிளவு மூடியிருந்தது.

வலையில் எவ்வளவு நேரம் தண்ணீருக்கடியில் கிடந்ததோ, அதனால் செத்திருக்கலாம். என் ஒரு குடம் தண்ணீரும் அதில் சேர்ந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்தக் குடத்தை என் கையில் கொடுத்தது ஒரு சொல். மீன் என்ற சொல். மீன் என்று நினைத்ததால் தண்ணீர் ஊற்றினேன். தாத்தாவிடம் வேறு சொல் இருந்தது. அதனால் அவர் கை வேறு மாதிரி வேலை செய்தது.

கடல் பாலூட்டிகளைப் பற்றித் தமிழில் நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று ஒரு வாசகனாகப் பார்க்கும் கட்டுரை இது. உயிரியல் படித்தவன் இல்லை நான். தமிழ் படித்தவன். ஆகவே சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

2

நம் புழக்கத்தில் உள்ள பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் அந்த உடலின் ஒரு பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

திமிங்கலம் வடமொழியிலிருந்து வந்தது. 'திமி' என்ற பெருமீனையே விழுங்குவது திமிங்கிலம். புராணக் கடலின் அளவுமுறை அது. பெயர் முழுக்க வாய். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூமியில் வாழ்ந்த விலங்குகளிலேயே பெரியது நீலத் திமிங்கலம். 30 மீட்டர் வரை வளரும். அதற்குப் பல்லே கிடையாது. மேல்தாடையில் தொங்கும் சீப்பு போன்ற தகடுகளால் தண்ணீரை வடிகட்டி, விரல் நீளம்கூட இல்லாத இறால் வகை உயிர்களைத் தின்கிறது. பெருமீனை விழுங்க அதன் தொண்டை இடம் கொடுக்காது.

கடல்பன்னி என்ற பெயர் கொழுப்பைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தின் 'போர்பஸ்' என்ற சொல்லுக்குள்ளும் லத்தீன் பன்றியும் லத்தீன் மீனும் இருக்கின்றன. எங்கெங்கோ இருந்த மீனவர்கள் ஒரே கொழுத்த உடலைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். தோலுக்கடியில் இருக்கும் அந்தக் கொழுப்புப் படலம்தான் வெந்நீர்ப் பை மாதிரி உடம்பின் சூட்டைக் காப்பாற்றுகிறது. கடலில் அது காவல். கரையில் அதுவே எமன். வெயிலில் கிடக்கும் ஓங்கில் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். தாத்தா ஈரச் சாக்கு போட்டது இதற்காகத்தான்.

டால்பின் என்ற சொல்லுக்குக் கிரேக்க வேரில் கருப்பை என்று பொருள். கருப்பை உள்ள மீன். பாதி சரி, பாதி தப்பு. ஆனால் சரியான பாதி முக்கியமானது. அது முட்டை இடுவதில்லை, குட்டி போடுகிறது. பெரும்பாலும் வால் முதலில் வெளியே வரும். பிறந்த குட்டி முதல் மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டும்.

கடல்பசு என்ற பெயர் பாலையும் மேய்ச்சலையும் பிடிக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை மேய்கிற கடல் பாலூட்டி அது. பசுவுக்கும் அதற்கும் உறவில்லை. அதன் நெருங்கிய சொந்தம் யானை. கன்றுக்குப் பால் கொடுக்கும் காம்புகள் முன்துடுப்பின் கக்கத்தில் இருக்கின்றன. யானைக்கும் முன்னங்கால்களுக்கு இடையில்தானே இருக்கிறது! பால் என்றதும் இன்னொன்று. மாட்டுப் பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெரிய திமிங்கலங்களின் பாலில் 30 சதவீதத்துக்கு மேல். குளிர்ந்த நீருக்குள் ஒரு குட்டியைச் சீக்கிரம் வளர்த்தெடுக்க வேண்டிய தாயின் பால் அப்படித்தான் இருக்க முடியும்.

கடைசியாக ஓங்கல், அல்லது ஓங்கில். அந்தச் சொல்லில் எனக்கு 'ஓங்கு' என்ற வினை கேட்கிறது. மேலெழுவது. வாயையோ கொழுப்பையோ சொல்லாமல் அந்த உயிர் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிற பெயராக அதைப் படிக்கிறேன். வெளியிலிருந்து பார்த்து வைத்த பேர் இல்லை அது. பக்கத்தில் படகில் உட்கார்ந்து, "ப்ஹூ" என்ற சத்தத்தைக் கேட்டவன் வைத்த பேர்.

3

'மேலெழுவது' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற உயிரியல் பாடம் எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கிறது.

மீனின் வால் செங்குத்தாக இருக்கும், பக்கவாட்டில் அசையும். ஓங்கிலின் வால் கிடைமட்டம், மேலும் கீழும் அசையும். ஏன்? நாலு காலில் ஓடிய மிருகத்தின் முதுகெலும்பு அது. நாய் பாய்ந்து ஓடும்போது முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே அசைவு தண்ணீருக்குள் தொடர்கிறது. பல்லுள்ள திமிங்கலங்களிலும் ஓங்கில்களிலும் மூச்சுக்குழல் நேராக உச்சந்தலை மூக்கோடு பொருந்தியிருக்கிறது. வாயால் மூச்சு விடுவது பொதுவாக அவற்றுக்கு முடியாது. நமக்கு மூக்கடைத்தால் வாய் இருக்கிறது. அதற்கு அந்த ஒரு பிளவுதான். நான் தண்ணீர் ஊற்றிய பிளவு.

நாம் தூங்கும்போது மூச்சு தானாக நடக்கும். அவை மூச்சுக்காக நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். அதனால் ஓங்கில் மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிட்டு, மறு பாதியை விழித்திருக்க வைக்கிறது. பிறகு மாற்றிக்கொள்கிறது.

கரையிலிருந்து கடலுக்குத் திரும்பிய பயணம் ஒருமுறை நடந்தது இல்லை. குளம்புள்ள விலங்குகளின் வழியில் வந்தவை திமிங்கலங்களும் ஓங்கில்களும். இன்று அவற்றின் நெருங்கிய உறவு நீர்யானை. யானையின் வழியில் வந்தது கடல்பசு. நாய், கரடி இனங்களின் பக்கத்திலிருந்து போனவை கடல்நாய்களும் கடற்சிங்கங்களும். நம் கடலில் முதல் இரண்டு வழிகளில் வந்தவை வாழ்கின்றன. உலகில் திமிங்கல, ஓங்கில் இனங்கள் சேர்த்து ஏறத்தாழ 90. இந்தியக் கடல்களில் 30ஐ ஒட்டிய எண்ணிக்கையில் பதிவாகியிருக்கின்றன.

இந்தத் திரும்புதலின் தொடக்கத்துக்கான முக்கியமான சாட்சி ஒன்று இந்தியாவில் கிடைத்தது. ஏ. ரங்கா ராவ் என்ற புவியியலாளர் காஷ்மீர்ப் பகுதியில் சேகரித்த பாறைகள் அவர் இறந்த பிறகும் டேராடூன் வீட்டில் கிடந்தன. அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது தவறுதலாகக் காதெலும்பு உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்தது திமிங்கலங்களுக்கே உரியதென்று கருதப்பட்ட தடித்த எலும்பு அமைப்பு. பூனை அளவில், சருகுமான் போல நாலு மெலிந்த கால்களோடு இருந்த அந்த உயிரின் பெயர் இந்தோஹயஸ். ஏறத்தாழ 4.8 கோடி வருஷங்களுக்கு முந்தையது. 2007இல் அந்த ஆய்வு வெளியானது.

தமிழில் இது ஒரு துணுக்குச் செய்தியாக வந்து போயிருக்கும். என் பார்வையில் ஒரு நாவலுக்கான கதை. இறந்த கணவரின் கற்களை வருஷக்கணக்கில் வீட்டில் பாதுகாத்த ஒரு பெண், அந்தக் கல்லுக்குள் திமிங்கலத்தின் காது.

4

இனி நம் செய்தி மொழிக்கு வருவோம். கரை ஒதுங்கிய திமிங்கலம் பற்றிய செய்திக்கு ஒரு வார்ப்பு உண்டு. "ராட்சத" என்று தொடங்கும். எத்தனை டன் என்று வரும். "பொதுமக்கள் ஆர்வத்துடன் செல்ஃபி" என்று நடுவில் வரும். "பொக்லைன் மூலம் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது" என்று முடியும். ஆணா பெண்ணா, குட்டியா, பல் இருந்ததா, உடம்பில் வலைத் தழும்பு இருந்ததா, உயிரோடு வந்ததா செத்து வந்ததா, இதில் ஒன்றும் பெரும்பாலும் இருக்காது. எல்லாச் செத்த திமிங்கலங்களும் ஒரே திமிங்கலம் ஆகிவிடுகின்றன.

இதைவிட மோசமான சொல் தற்கொலை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கத்தில் 80க்கும் மேற்பட்ட குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் கரையேறின. மீனவர்கள் இழுத்துப் போய்க் கடலில் விட்டவற்றில் பல திரும்பி வந்தன. இதே வட்டாரத்தில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கலங்கள் கரையேறியது மீன்வள விஞ்ஞானிகளால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. இரண்டும் ஜனவரி, இரண்டும் ஒரே இனம், ஒரே கரைப் பகுதி. இப்படி ஒரு பொருத்தம் இருக்கும்போது கேட்க எத்தனை கேள்விகள் இருக்கின்றன! அந்தக் கடலடியின் சாய்வு என்ன, கூட்டத்தில் நோய் இருந்ததா, சத்தம் ஏதாவது குழப்பியதா. பைலட் திமிங்கலங்கள் இறுக்கமான தாய்வழிக் கூட்டங்களாக வாழ்பவை. கூட்டத்தில் சில கரையில் கிடக்கும்போது மற்றவை விட்டுவிட்டுப் போவதில்லை. தற்கொலை என்று எழுதியதும் இந்தக் கேள்விகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. காரணம் திமிங்கலத்தின் மனசுக்குள் போய்விடுகிறது. நாம் வீட்டுக்குப் போகலாம்.

இன்னொரு சொல் 'திமிங்கல உமிழ்நீர்'. சில நேரம் வாந்தி, சில நேரம் எச்சம். கோடிக்கணக்கில் மதிப்பு என்று போலீஸ் பிடித்த செய்தியாக வரும். அம்பர் என்பது எச்சில் இல்லை. ஸ்பெர்ம் திமிங்கலம் ஆழ்கடலில் கணவாய்களைத் தின்கிறது. கணவாயின் கிளிமூக்கு போன்ற அலகு செரிப்பதில்லை. அதைச் சுற்றிக் குடலில் உருவாகும் மெழுகுப் பொருள் அம்பர். எல்லாத் திமிங்கலத்திலும் கிடைப்பதும் இல்லை. இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆழத்தின் இருட்டில் கணவாய் வேட்டையாடும் மிருகத்தைப் பற்றிய செய்தியாக இருந்திருக்க வேண்டியது, ரேட்டு பற்றிய செய்தியாகச் சுருங்கிவிட்டது.

5

செத்த உடலைப் பற்றி எழுதுவதே தப்பு என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் இந்தத் துறையே இருக்காது. ஓங்கிலின் பல்லைக் குறுக்கே வெட்டினால் மரத்தைப் போல வளையங்கள் தெரியும், வயதை எண்ணலாம். வயிற்றைத் திறந்தால் என்ன தின்றது என்று தெரியும். இந்தியாவில் இந்தப் படிப்பு பெரும்பாலும் கரை ஒதுங்கிய உடல்களிலிருந்தே வளர்ந்தது.

நம் கிழக்குக் கரை இதில் உலகத்துக்கே ஒரு பங்கு கொடுத்திருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்து அதிகாரி வால்டர் எலியட் விசாகப்பட்டினத்தில் சேகரித்தவற்றை வைத்து, லண்டனில் ரிச்சர்ட் ஓவன் 1866இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று நாம் ஐராவதி ஓங்கில் என்று சொல்வதும், குள்ள ஸ்பெர்ம் திமிங்கலமும் அறிவியலுக்குள் நுழைந்தது அந்தக் கட்டுரை வழியாகத்தான். கூர்மையான எழுத்து. ஆனால் ஓவன் எழுதியது எலும்பைப் பற்றி. அந்த மிருகம் மூச்சு விட்ட சத்தம் அவர் காதில் விழவில்லை. அதைக் கேட்டிருக்கக்கூடியவர்கள் விசாகப்பட்டினத்து மீனவர்கள். பெயர் சூட்டும் உரிமை லண்டனில் இருந்தது.

உயிரோடு இருப்பதைப் படிக்கும் முறையும் நம் பக்கத்துக் கடலில்தான் ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்தது. சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம் 1979இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்ற சிறிய பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இலங்கைக் கடலில், திருகோணமலைக்கு அப்பாலும், ஸ்பெர்ம் திமிங்கலங்களைப் பின்தொடர்ந்தார்கள். கொல்லாமல் படிப்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி. வால் ஓரத்தின் வெட்டுகளைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம் கண்டார்கள். நீருக்கடியில் மைக் இறக்கி அவை பேசும் 'டிக்டிக்' ஒலியைக் கேட்டார்கள். அதே வருஷங்களில் அந்தக் கரையில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். எந்த ஆளையும் அடையாளம் காணாமல் எண்ணிக்கையாக மட்டும் எழுதிவிடும் மொழி மனிதர்களையும் என்ன செய்யும் என்று 1983க்குப் பிறகு தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெயர் தெரிந்த உயிர்தான் காப்பாற்றப்படும் என்பதற்கு ஆவுளியா ஒரு உதாரணம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று முதலாவது அது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துவிட்டுக் காப்பாற்றும் மீனவர்களைப் பற்றி இப்போது செய்திகள் வருகின்றன. அந்தச் செய்திகளில் 'ராட்சத' கிடையாது. மிருகத்துக்கு மூச்சு இருக்கிறது.

6

இலக்கியத்துக்கு வருகிறேன். மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்'கில், லின்னேயஸ் 1758லேயே திமிங்கலத்தைப் பாலூட்டி என்று பிரித்துவிட்டது தெரிந்தும், கதைசொல்லி வேண்டுமென்றே அதை மீன் என்று சாதிக்கிறான். 1818இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. திமிங்கல எண்ணெய் மீன் எண்ணெயா என்று. ஜூரிகள் திமிங்கலம் மீன்தான் என்று தீர்ப்பளித்தார்கள். வரி விஷயம். ஆக அந்தச் சொல்லில் காசும் அதிகாரமும் எப்போதும் இருந்திருக்கின்றன. மெல்வில் தப்பான வகைப்பாட்டை வைத்துக்கொண்டே அந்த மிருகத்தின் தோலையும் மூச்சையும் வாலையும் அத்தியாயம் அத்தியாயமாகத் தொட்டுப் பார்த்தார். சொல் தப்பானாலும் கவனம் தப்பவில்லை.

நமக்கு நெய்தல் என்று ஒரு திணையே இருக்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' என்று நவீன நாவலும் கடலுக்குள் போயிருக்கிறது. அவற்றை நான் விரும்பிப் படித்தவன். ஆனால் நம் நெய்தலில் கடல் பெரும்பாலும் மனிதரின் பிரிவுக்கும் பிழைப்புக்கும் களம். அங்கே நம்மைப் போல மூச்சுக்காக மேலே வருகிற இன்னொரு பிராணி குடும்பமாக வாழ்கிறது என்பதை மையமாக வைத்து ஒரு நல்ல தமிழ்க் கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

நானே ஒன்று எழுதினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்தில் கல்லூரி படித்தபோது, கல்லூரி மலருக்கு. ஒரு சிறுவன் கரையில் துடிக்கும் டால்பினுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறான். அதன் கண்ணில் நீர் வழிகிறது. பேரலை ஒன்று வந்து அதை அழைத்துப் போகிறது. பாராட்டினார்கள். ஒரு வாசகர்கூட "மூக்குல ஊத்தினா செத்துடுமே" என்று கேட்கவில்லை. அந்தக் கதையில் நான் இரண்டு பொய் சொன்னேன். சிறுவனைக் காப்பாற்றுகிறவன் ஆக்கினேன். தாத்தாவை நீக்கிவிட்டேன். கதையில் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரை எடுத்ததும் மிருகமும் போய்விட்டது, என் இரக்கம் மட்டும் மிஞ்சியது.

கல்லூரிக்குப் போகும் ரயில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பரங்கிப்பேட்டையில் நிற்கும். வெள்ளாறு கடலில் சேரும் அந்த இடத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். ஆர். வி. சேஷையா 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அங்கே படித்த நண்பன்தான் குமரன் சதாசிவம் 2004இல் ஆங்கிலத்தில் எழுதிய 'மரைன் மேமல்ஸ் ஆஃப் இந்தியா'வைக் கொடுத்தான். முதுகுத்துடுப்பு இல்லாத கடற்பன்றியை அதில் தேடிப் பிடித்தேன். என் மிருகத்துக்கு முதல்முறையாக ஒரு முழுப் பெயர் கிடைத்தது. அன்று இரவு மலரை எடுத்து என் கதையைப் படித்துப் பார்த்தேன். கூசியது.

அப்படி ஒரு புத்தகம் தமிழில் வேண்டும். இன வரிசையும் படமும் மட்டும் போதாது. ஓங்கல், ஆவுளியா, கடப்பன்னி என்று கரைக்குக் கரை மாறும் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். உயிரோடு கரையில் ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வது என்று முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுக்காதே, ஈரத்துணி போடு, நிழல் கொடு, கூட்டத்தை விலக்கு, வனத்துறைக்குச் சொல்.

அந்தத் தாத்தா இப்போது இல்லை. போன வருஷம் அந்தக் குப்பத்துக்குப் போனபோது நண்பனின் மகன், ஆறு வயசு, செல்போனில் டால்பின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்கு நம்மூர்ல என்ன பேரு தெரியுமா?" என்றேன். "டால்பின்" என்றான். ஓங்கல் என்று சொல்லிக்கொடுத்தேன். ஏன் அந்தப் பேரு என்று கேட்டான். மூச்சு வாங்க மேல வரும்டா, அதான் என்றேன். அவன் வீடியோவைத் திரும்ப முதலிலிருந்து ஓட்டி, அது மேலே வரும் இடத்தில் தானும் மூச்சை இழுத்துப் பார்த்தான்.